பெட் ஸ்கேன்: ஊசிக்குப் பின் ஏன் அவ்வளவு நேரம், சிகிச்சைக்குப் பின் ஏன் அத்தனை வாரம்?

மயிலாடுதுறை, கும்பகோணம், திருவாரூர், பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து, பெரும்பாலும் புற்றுநோய்க்காக எடுக்கும் பெட் (PET) ஸ்கேனுக்கு வருகிறவர்களுக்கு ஊசி போட்டு, படுக்கவைத்து, படம் எடுத்து அனுப்புவது என் வேலை. நான் டாக்டர் இல்லை, டெக்னீஷியன். டாக்டரிடம் கேட்கத் தயங்கிய சந்தேகமெல்லாம் காத்திருக்கும் அறையில் என்னிடம் வந்துவிடும். அதில் முக்கால்வாசி நேரத்தைப் பற்றியதுதான். பெட் படத்தில் ஒரு புள்ளி ஒளிர்கிறது என்றால், ஊசி போட்டு எத்தனை நிமிடம் கழித்து, கடைசி சிகிச்சை முடிந்து எத்தனை வாரம் கழித்து எடுத்த படம் என்று தெரியாமல் அதற்குப் பொருள் சொல்ல முடியாது. ஆகவே அந்தக் கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே எழுதிப் பதில் சேர்த்திருக்கிறேன். உங்களுக்கென்று உங்கள் டாக்டர் வேறு மாதிரிச் சொல்லியிருந்தால் அதையே கேளுங்கள்.

சி.டி. ஸ்கேன் ஏற்கெனவே எடுத்தாச்சுங்க. இதுவும் அதே மாதிரி மெஷின்தானே, எதுக்கு ரெண்டாவது செலவு?

வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி வளையம்தான். சி.டி. உடம்புக்குள் இருப்பதன் உருவத்தைக் காட்டும்: கட்டி எங்கே, எத்தனை சென்டிமீட்டர். பெட் காட்டுவது வேறு. எந்த இடம் சர்க்கரையை அதிகமாக இழுக்கிறது என்று காட்டும். புற்றுநோய்ச் செல்கள் சர்க்கரையை அளவுக்கு மீறி எரிக்கும் என்பதை ஜெர்மனியின் ஓட்டோ வார்பர்க் 1920களிலேயே கண்டார். அந்தப் பசியைத்தான் இங்கே பயன்படுத்திக்கொள்கிறோம்.

நாம் ஏற்றும் மருந்தின் பெயர் எஃப்.டி.ஜி. குளுக்கோஸ் போலவே இருக்கும் ஒரு பொருளில் ஃபுளோரின்-18 என்ற கதிரியக்க அணுவைக் கட்டியிருப்பார்கள். அது எங்கே சேர்கிறதோ அங்கிருந்து கதிர் வரும், மெஷின் அதைப் பிடிக்கும். உருவமும் பசியும் ஒரே படத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக விழவேண்டும் என்பதால் அதே மெஷினிலேயே ஒரு சி.டி.யும் சேர்த்து எடுக்கிறோம்.

ஊசி போட்டாச்சு. உடனே எடுத்து அனுப்பிட வேண்டியதுதானே தம்பி? வெளியூரு போகணும்.

ஊசி போட்ட உடனே எடுத்தால் இரத்தம் ஓடும் இடமெல்லாம் ஒளிரும், கட்டி அதற்குள் மறைந்துபோகும். மருந்து முதலில் உடம்பு முழுக்கப் பரவுகிறது. பிறகு செல்களுக்குள் நுழைகிறது. நுழைந்ததும் ஒரு நொதி அதன்மேல் பாஸ்பேட்டை ஒட்டிவிடும். சாதாரண குளுக்கோஸ் என்றால் அடுத்த கட்டத்துக்குப் போய் எரிந்து தீர்ந்துவிடும். எஃப்.டி.ஜி. அப்படிப் போக முடியாமல் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். இந்தப் பக்கம் செல்லுக்குள் சிக்குவது ஏற ஏற, அந்தப் பக்கம் இரத்தத்தில் மிச்சமிருப்பது சிறுநீரகம் வழியாக இறங்கும். இரண்டுக்கும் இடைவெளி விரிந்த பிறகுதான் கட்டி தனியாகத் தெரியும்.

ஐப்பசி மழை கொட்டி நின்ற கையோடு வரப்பில் நின்று பார்த்தால் வயல் முழுக்க ஒரே தண்ணீர், எங்கே பள்ளம் என்று யாராலும் சொல்ல முடியாது. மடையைத் திறந்துவிட்டு ஒரு நேரம் கழித்து வந்தால் மேட்டில் வடிந்து பள்ளத்தில் மட்டும் நிற்கும். நாங்கள் காத்திருப்பது அந்த வடிதலுக்காக.

எவ்வளவு நேரம்? பொதுவான கணக்கு 60 நிமிடம். ஐரோப்பிய அணு மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டுதல் 55 முதல் 75 நிமிடத்துக்குள் எடுக்கலாம் என்கிறது. இந்த ஒரு மணி நேரம் வரிசையில் நிற்கும் நேரம் இல்லை. பரிசோதனை அப்போதே ஆரம்பித்துவிட்டது.

அப்படின்னா நாலு மணி நேரம் உக்காந்திருந்தா இன்னும் பளிச்சுனு தெரியுமே?

நல்ல கேள்வி, பாதி சரி. பல கட்டிகளில் மருந்து ஒரு மணி நேரத்தோடு நின்றுவிடாமல் அதற்குப் பிறகும் ஏறிக்கொண்டே போகும். இரத்தத்தில் குறைந்துகொண்டே வரும். அந்த அளவில், தாமதித்தால் கட்டிக்கும் சுற்றுப்புறத்துக்கும் வேறுபாடு கூடும்.

ஆனால் ஃபுளோரின்-18 காத்திருக்காது. ஏறத்தாழ 110 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகும். ஊசி போட்டபோது 100 பங்கு என்றால், ஒரு மணி நேரத்தில் 68 பங்கு, இரண்டு மணியில் 47, மூன்று மணியில் 32. கதிர் குறைந்தால் படம் பொரிப் பொரியாகிவிடும். அதைச் சரிக்கட்ட மெஷினுக்குள் அதிக நேரம் படுக்கவேண்டும், முதுகு வலிக்காரர்களால் முடியாது. அசைந்தால் படம் கெடும். எல்லோருக்கும் 60, தேவைப்படுகிறவருக்கு மட்டும் தாமதம் என்று வைத்திருப்பது இந்த இழுபறியால்தான். அந்தத் தாமதப் படத்தைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

விடியக்காலம் வரச் சொல்லிட்டு ஒன்பது மணிக்குத்தான் ஊசி போட்டாங்க. ஏன் இந்த அலைக்கழிப்பு?

மருந்தைச் சேமித்துவைக்க முடியாது, மேலே சொன்ன 110 நிமிடக் கணக்குதான். சைக்ளோட்ரான் என்ற பெரிய இயந்திரத்தில் இரவோடு இரவாகத் தயாரித்து, ஈயப் பெட்டியில் வைத்து, வண்டியில் கொண்டுவருகிறார்கள். நாலு மணி நேரப் பயணம் என்றால் கிளம்பியதில் நாலில் ஒரு பங்குக்கும் குறைவாகவே வந்து சேரும். வழியில் டயர் பஞ்சர் ஆனால் அன்றைக்குக் கடைசி இரண்டு மூன்று பேருக்கு மருந்து போதாமல் போகும். அதனால் மருந்து வந்து இறங்கும்போது ஆட்கள் சர்க்கரை பார்த்து, கையில் ஊசிக்குழாய் போட்டுத் தயாராக இருக்க வேண்டியிருக்கிறது. உங்கள் எரிச்சல் நியாயமானதுதான். முதல்நாள் மாலை போன் செய்து "மருந்து எத்தனை மணிக்கு வரும், நான் எத்தனாவது ஆள்" என்று கேளுங்கள், பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள்.

சர்க்கரை போடாம ஒரு வாய் காபி குடிச்சிக்கலாமா? தலைவலி தாங்காது.

கூடாது. கும்பகோணத்துக்காரர்களிடம் இதைச் சொல்வதுதான் எனக்கு மிகவும் கஷ்டம். சர்க்கரை இல்லாவிட்டாலும் பாலில் சர்க்கரை இருக்கிறது. ஊசிக்கு முன் குறைந்தது 4 மணி நேரம், பெரும்பாலான இடங்களில் 6 மணி நேரம், வெறும் வயிறு. தண்ணீர் மட்டும் தாராளமாகக் குடிக்கலாம், குடிக்கவும் வேண்டும். இளநீர், நீராகாரம், மோர் எதுவும் தண்ணீர்க் கணக்கில் சேராது. சாப்பிட்டால் உடம்பு இன்சுலினைச் சுரக்கும், அது எஃப்.டி.ஜி.யைத் தசைக்கும் இதயத்துக்கும் தள்ளிவிடும், கட்டிக்குப் போகவேண்டியது குறையும்.

எங்க அப்பாவுக்கு சுகர் இருக்கு, இன்சுலின் போடுறாரு. காலையில போட்டுட்டு வரலாமா?

இதை நீங்களாக முடிவு செய்யாதீர்கள். நாள் குறிக்கும்போதே சர்க்கரை இருப்பதையும், இன்சுலின் பெயரையும், மாத்திரைப் பெயரையும் சொல்லிவிடுங்கள். உடனே வேலை செய்யும் வகை இன்சுலினுக்கும் எஃப்.டி.ஜி. ஊசிக்கும் இடையே குறைந்தது 4 மணி நேரம் வேண்டும், சற்று மெதுவான வகைக்கு 6 மணி நேரம். அதனால் இன்சுலின் போடுகிறவர்களை அதிகாலையில் சாப்பிட்டு, வழக்கமான இன்சுலினும் போட்டுக்கொண்டு, நண்பகலை ஒட்டி வரச் சொல்வது உண்டு. வயிறு காலியாக இருக்கவேண்டும் என்று நினைத்து முதல்நாள் மத்தியானத்திலிருந்தே பட்டினி கிடந்து, தாழ்சர்க்கரையில் மயங்கி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஊசிக்கு முன் விரலில் குத்திப் பார்ப்போம். பொதுவாக 200 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் அன்றைக்கு எடுக்காமல் வேறு நாள் கொடுப்பார்கள். இரத்தத்தில் உள்ள சர்க்கரை எஃப்.டி.ஜி.யோடு போட்டியிடும், கட்டி மங்கலாகத் தெரியும். மெட்ஃபார்மின் மாத்திரை குடலை ஒளிரவைக்கும். குடலில்தான் சந்தேகம் என்றால் அதை 2 நாள் நிறுத்தச் சொல்லலாம், ஆனால் அதைச் சொல்லவேண்டியவர் உங்கள் டாக்டர்.

முதல் நாள் நடவுக்குப் போனேன். அதுக்கும் ஸ்கேனுக்கும் என்ன சம்பந்தம்?

உழைத்த தசை சர்க்கரையை இழுக்கும். குனிந்து நாற்று நட்டவருக்கு முதுகும் தொடையும் ஒளிரும். எடுக்கும் தேதிக்கு முந்தின 24 மணி நேரமாவது நடவு, களையெடுப்பு, மூட்டை தூக்குவது, நீண்ட சைக்கிள் மிதிப்பு வேண்டாம்.

ஊசிக்குப் பிறகான ஒரு மணி நேரமும் இதே கதைதான். வெற்றிலை போட்டு மென்றால் தாடைத் தசை ஒளிரும், வாய்ப் புற்றுக்காக வந்தவருக்கு அது எவ்வளவு குழப்பம் என்று நினைத்துப் பாருங்கள். விடாமல் போனில் பேசினால் குரல்வளைத் தசை ஒளிரும். குளிரில் நடுங்கினால் கழுத்திலும் தோளிலும் உள்ள பழுப்புக் கொழுப்பு வெப்பம் உண்டாக்கச் சர்க்கரையை எரிக்கும்; அதுவும், கழுத்து நெறிக்கட்டி தேடுகிற அதே இடத்தில். மார்கழி மாதம் ஏ.சி. அறையில் போர்வை கொடுப்பது உபசாரம் இல்லை. சொந்தமாக ஒரு துப்பட்டியும் கொண்டுவாருங்கள்.

எனக்கு முன்னாடி ஒரு எமர்ஜென்சி வந்து என் முறை தள்ளிப்போச்சு. படம் வீணாப்போயிருமா?

வீணாகாது. 60க்குப் பதில் 90 நிமிடத்தில் எடுத்தாலும் கட்டியைக் கண்டுபிடிக்க அது தடையில்லை, மூன்றாவது பதிலில் சொன்ன காரணத்தால் சில இடங்கள் இன்னும் நன்றாகவே தெரியலாம். சிக்கல் அடுத்த முறை வரும். இரண்டாவது ஸ்கேனில் "முன்னைவிடக் கூடியதா குறைந்ததா" என்று ஒப்பிடவேண்டுமே. அதனால் ஊசி போட்ட நேரமும் படம் ஆரம்பித்த நேரமும் ரிப்போர்ட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், கோபித்தாலும் கேளுங்கள்.

ஒரு படம் எடுத்துட்டு, "இருங்கம்மா, இன்னொண்ணு எடுக்கணும்"னு சொன்னாங்க. கேன்சர் உறுதிதானா?

இல்லை. நான் அதிகம் சமாதானம் சொல்லும் இடம் இதுதான். முதல் படத்தைப் பார்த்த டாக்டருக்கு ஒரு இடம் புரியவில்லை என்று மட்டுமே அர்த்தம். பெரும்பாலும் அந்த ஒரு பகுதியை மட்டும், ஊசி போட்டு 2 முதல் 3 மணி நேரத்துக்குள் மறுபடி எடுப்பார்கள். இன்னொரு ஊசி கிடையாது. சி.டி. பகுதிக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல் கதிர்.

கல்லீரல் இதற்கு நல்ல உதாரணம். கல்லீரலே ஓரளவு ஒளிரும் உறுப்பு, அந்த ஒளிக்குள் சிறிய கட்டி கரைந்துபோகும். ஆனால் எஃப்.டி.ஜி.மேல் ஒட்டிய பாஸ்பேட்டைக் கழற்றிவிடும் நொதி கல்லீரலில் நிறைய உண்டு. நேரம் போகப்போக கல்லீரல் மங்கும், பெருங்குடலிலிருந்து பரவி வந்த கட்டி போன்றவை தனித்துத் தெரியும். இடுப்புப் பகுதியில் காரணம் வேறு: மருந்து சிறுநீரோடு இறங்கிப் பையில் நிறைந்து, பக்கத்தில் உள்ள கர்ப்பப்பை வாய், மலக்குடல் எல்லாவற்றையும் ஒளிவெள்ளத்தில் மூழ்கடிக்கும். தண்ணீர் குடிக்கவைத்து, சில நேரம் சிறுநீர் பிரிய மருந்தும் கொடுத்து, பையைக் காலி செய்தபின் எடுப்பார்கள். முதல் படத்தையே பல இடங்களில் தொடையிலிருந்து மேல்நோக்கி எடுப்பதும் பை மறுபடி நிறைவதற்குள் முந்திக்கொள்ளத்தான். குடலில் தெரிந்த ஒளி இரண்டாவது படத்தில் இடம் மாறியிருந்தால் அது குடலின் அசைவு, கட்டி நகராது.

ரெண்டாவது படத்துல கூடினா கேன்சர், குறைஞ்சா வெறும் புண்ணுன்னு சொல்றாங்களே, உண்மையா?

அப்படி ஒரு நம்பிக்கை இருந்தது, கொஞ்சம் அடிப்படையும் இருக்கிறது. புற்றில் மருந்து தொடர்ந்து ஏறும், சாதாரண அழற்சியில் நின்றுவிடும் அல்லது இறங்கும் என்பது கணக்கு. நம் ஊரில் அந்தக் கணக்கு இடிப்பது காசநோயில். காசநோய்க் கட்டியும் இரண்டாவது படத்தில் ஏறும். நெஞ்சில் நெறிக்கட்டி ஒளிர்கிறது, இரண்டு மணி நேரம் கழித்து இன்னும் கூடியிருக்கிறது என்றால் புற்று, காசநோய் இரண்டுக்கும் இடமுண்டு. ஊசி வைத்துச் சதை எடுத்துப் பார்ப்பதுதான் முடிவு. முன்பு டி.பி.க்கு மருந்து சாப்பிட்டிருந்தால், அது இருபது வருடம் முன்னால் என்றாலும், சொல்லுங்கள். மறைத்தவர்களுக்குத்தான் தேவையில்லாத பயம் வந்திருக்கிறது.

எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் தெரியாத கேன்சர் உண்டா?

உண்டு. சர்க்கரைப் பசி இல்லாத கட்டிக்கு எஃப்.டி.ஜி. சரியான கருவி இல்லை. புராஸ்டேட் புற்றில் பல, ஹார்மோன் சுரக்கும் செல்களில் தோன்றி மெதுவாக வளரும் நியூரோஎண்டோகிரைன் கட்டிகள், வயிற்றுப் புற்றில் சளி சுரக்கும் வகைகள், கல்லீரலிலேயே தோன்றும் புற்றில் ஒரு பகுதி இப்படி. கல்லீரல் புற்றில் வேடிக்கை என்னவென்றால், மேலே சொன்ன அந்தக் கழற்றும் நொதி இயல்பான கல்லீரல் செல்லைப் போலவே இருக்கும் கட்டிச் செல்லிலும் இருக்கும், அதனால் அதுவும் கல்லீரலோடு சேர்ந்தே மங்கிவிடும். புராஸ்டேட்டுக்கு பி.எஸ்.எம்.ஏ., நியூரோஎண்டோகிரைனுக்கு டோட்டாடேட் என்று வேறு மருந்துகள் இருக்கின்றன. அவற்றில் கட்டியிருக்கும் கதிரியக்க அணு பெரும்பாலும் கேலியம்-68, அது 68 நிமிடத்திலேயே பாதியாகும், நேரக் கணக்கு இன்னும் இறுக்கம். மூளையில் பிரச்சினை தலைகீழ்: மூளை சர்க்கரையிலேயே வாழ்வது, எப்போதும் ஒளிரும். அரை சென்டிமீட்டருக்கும் சிறியதைப் பிடிப்பதும் கடினம், மூச்சில் ஆடும் நுரையீரல் அடிப்பகுதியில் இன்னும் கடினம்.

கீமோ முடிஞ்சிருச்சு. அடுத்த வாரமே எடுத்துப் பாத்தா நிம்மதியா இருக்கும்ல?

நிம்மதி பொய்யாக இருக்கலாம். கீமோ கொடுத்த சில நாளுக்குக் கட்டிச் செல்கள் சாகாமலேயே மயங்கிக் கிடக்கும், சர்க்கரை எடுக்காது, படம் சுத்தமாக வரும். இன்னொரு பக்கம், செத்த செல்லைச் சுத்தம் செய்ய வரும் வெள்ளணுக்கள் ஒளிர்ந்து மிரட்டவும் செய்யும். ஆகவே நடுவில் எடுப்பது என்றால் கீமோவுக்குப் பின் குறைந்தது 10 நாள், முடிந்தால் அடுத்த சுற்றுக்குச் சற்று முன்பு. ஹாட்ஜ்கின் லிம்போமா என்ற நெறிக்கட்டிப் புற்றில் இரண்டு சுற்று முடிந்ததும் எடுக்கும் ஸ்கேன் அடுத்த மருந்தையே மாற்றக்கூடியது, அந்தத் தேதியைக் கல்யாணம் காதுகுத்துக்காகத் தள்ளாதீர்கள். லிம்போமாவில் எல்லாம் முடிந்தபின் என்றால் குறைந்தது 3 வாரம், 6 முதல் 8 வாரம் நல்லது.

வெள்ளணு ஏற வயிற்றில் போடும் ஊசி எலும்பு மஜ்ஜை முழுவதையும் ஒளிரவைக்கும், அது முடிந்து 2 வாரமாவது போகட்டும். அறுவைக்குப் பின் 4 முதல் 6 வாரம். கையில் தடுப்பூசி போட்டிருந்தால் அக்குளில் நெறி ஒளிரும், எந்தக் கை, எந்தத் தேதி என்று சொல்லிவிட்டால் போதும்.

கரண்டு வெச்சு முடிச்சு மூணு மாசம் கழிச்சு வரச் சொல்றாங்க. அதுக்குள்ள பரவிடாதா?

கதிர் பட்ட இடம் வெந்து ஆறுவதற்குள் எடுத்தால் அந்த வேக்காடே புற்று போலத் தெரியும். தொண்டை, வாய்ப் புற்றுக்குக் கதிரும் கீமோவும் முடிந்து 12 வாரம் என்பதற்கு வலுவான ஆதாரம் இருக்கிறது. பிரிட்டனில் 564 நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வு 2016இல் வெளிவந்தது. எல்லோருக்கும் கழுத்து நெறிகளை அறுத்து எடுப்பதற்குப் பதிலாக, 12 வாரத்தில் பெட் எடுத்து, சந்தேகம் உள்ளவர்களுக்கு மட்டும் அறுத்தார்கள். உயிர் பிழைத்திருப்பதில் இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. பெரும்பாலானவர்கள் கத்தியிலிருந்து தப்பினார்கள்.

அவசரப்பட்டு ஆறாவது வாரம் எடுத்தால் ஒளிர்வதைப் பார்த்து வீடே அழும், தேவையில்லாமல் சதை எடுப்பார்கள், பிறகு 12ஆம் வாரம் மறுபடி எடுப்பார்கள். அதற்காக அந்த மூன்று மாதமும் யாரும் உங்களைப் பார்க்க மாட்டார்கள் என்று இல்லை. புதிதாகக் கட்டி, வலி, இரத்தம், விழுங்க முடியாமை என்றால் தேதிக்குக் காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள்.

சாயங்காலம் பஸ்ஸுலயே வேதாரண்யம் போகலாமா? வீட்டுல பேரக்குழந்தை இருக்கு.

போகலாம். நிறையத் தண்ணீர் குடித்து, கிளம்புவதற்கு முன் ஒன்றுக்குப் போய்விட்டு வாருங்கள். ஊசியிலிருந்து 6 மணி நேரம் ஆகும்போது, சிதைவுக் கணக்கில் மட்டும் பத்தில் ஒரு பங்குதான் மிச்சம், சிறுநீரில் போனது தனி. அதுவரை கர்ப்பிணி பக்கத்தில் நெருங்கி உட்காராமல், கைக்குழந்தையை மடியில் வைக்காமல் இருங்கள். பால் கொடுக்கும் தாய் என்றால் நாள் குறிக்கும்போதே சொல்லவேண்டும்.

போன ரிப்போர்ட்டுல எஸ்.யு.வி. 6, இப்ப 8. கூடிப்போச்சா?

இந்த எண்ணை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. எஸ்.யு.வி. என்பது ஏற்றிய மருந்து, உடல் எடை இரண்டையும் கணக்கில் வைத்து ஓர் இடம் எவ்வளவு இழுத்தது என்று சொல்லும் எண். போன தடவை 55 நிமிடத்தில் எடுத்து, இந்தத் தடவை முறை தள்ளிப்போய் 95 நிமிடத்தில் எடுத்திருந்தால், நோய் அப்படியே இருந்தாலும் எண் ஏறியிருக்கும். அன்றைக்குச் சர்க்கரை 190 இருந்து இன்றைக்கு 100 என்றாலும் மாறும். மெஷின் மாறினாலும் மாறும். அதனால்தான் ஒப்பிடும் ஸ்கேனில் நேர வித்தியாசம் 10 நிமிடத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள்.

முதல் ஸ்கேன் திருச்சியில், அடுத்தது சென்னையில் மகன் வீட்டுப் பக்கம் என்று மாற்றாமல், முடிந்தவரை ஒரே இடத்தில் எடுங்கள். மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால் பழைய ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது, படத்தைப் பதிந்து கொடுத்த டிஸ்க்கையும் கொண்டுபோய், ஊசி போடும் முன்பே கவுன்டரில் கொடுத்துவிடுங்கள். படம் எடுத்து முடித்தபின் கொடுத்தால், பழைய நேரத்துக்கு ஏற்ப இந்த நேரத்தை வைக்க எங்களால் ஒன்றும் செய்ய முடியாது.